பழைய போர் விமானங்களை இரவில் படமெடுப்பது எப்படி?

இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களையும் பனிப்போர்க்கால ஜெட் விமானங்களையும் இரவில் படமெடுப்பது, புகைப்படக் கலைக்குள் ஒரு தனிப் பிரிவாகவே வளர்ந்துவிட்டது. பிரிட்டனில் இதற்கு ஆர்வலர்கள் அதிகம். விமான அருங்காட்சியகங்களும் பழைய விமானங்களைப் பராமரிக்கும் தன்னார்வக் குழுக்களும், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகு புகைப்படக்காரர்களுக்கென்று தனி நிகழ்ச்சி நடத்துகின்றன. கொட்டகையிலிருந்து விமானத்தை வெளியே இழுத்து நிறுத்துவார்கள். சுற்றிலும் விளக்குகளை வைப்பார்கள். சில இடங்களில் எஞ்சினையும் இயக்கிக் காட்டுவார்கள். இதற்காக வாங்கும் கட்டணம் பெரும்பாலும் அந்த விமானத்தின் பராமரிப்புக்கே போய்ச் சேருகிறது.

பகலில் நடக்கும் விமானக் கண்காட்சியில் தடுப்புக் கயிறு, கூட்டம், பின்னால் நிற்கும் கார்கள், தீனிக் கடைகள் எல்லாம் சேர்ந்தே படத்துக்குள் வந்துவிடும். வெயில் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும். இரவில் நிலைமை தலைகீழ். எதன் மேல் ஒளி விழுகிறதோ அது மட்டுமே படத்தில் இருக்கும். அதனால் இந்தக் கலை இரண்டு முடிவுகளில் அடங்கிவிடுகிறது: விளக்கு எங்கே நிற்க வேண்டும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும். எந்தக் கம்பெனி கேமரா, எந்த மாடல் என்பதெல்லாம் இவற்றுக்குப் பிறகுதான்.

இரவுக்கென்றே பறந்த விமானங்கள்

இந்த விமானங்களில் பலவற்றுக்கு இரவு புதிதல்ல. பிரிட்டனின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானம் 1942 மார்ச்சில் போரில் இறங்கியது. மொத்தம் 7,377 விமானங்கள் தயாராயின. அது பெரும்பாலும் இரவில்தான் பறந்தது. மேற்புறத்தில் கரும்பச்சையும் மண்பழுப்பும் கலந்த மறைப்பு வண்ணம், அடிப்புறத்திலும் பக்கவாட்டிலும் மினுமினுப்பில்லாத கறுப்பு. கீழிருந்து பாய்ச்சப்படும் தேடுவிளக்கின் ஒளி பட்டுத் தெறிக்கக் கூடாது என்பதற்காகவே அந்தக் கறுப்பு. எஞ்சின் புகைக்குழாய்களில் எரியும் நெருப்பு எதிரியின் இரவுப் போர் விமானங்களுக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், அவற்றின் மேல் மறைப்புத் தகடுகளும் பொருத்தப்பட்டன. பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் உயிரிழந்த விமானப் பணியாளர்கள் 55,573 பேர். அந்தப் படையின் போர் பெரிதும் இரவிலேயே நடந்தது.

சென்னை மாகாணத்தின் பெயரும் இந்த இரவு வரலாற்றில் இருக்கிறது. போருக்கு மாகாணம் திரட்டித் தந்த நிதிக்கு நன்றியாக, பிரிட்டிஷ் விமானப்படையின் சில படைப்பிரிவுகள் தம் பெயரோடு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்பதைச் சேர்த்துக்கொண்டன. அவற்றில் ஒன்றான 264ஆம் படைப்பிரிவு 'டிஃபையன்ட்' என்ற விமானத்தை ஓட்டியது. விமானிக்குப் பின்னால் சுழலும் கோபுரத்தில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள், முன்னோக்கிச் சுடுவதற்கு ஒன்றுகூட இல்லை என்ற விசித்திர அமைப்பு கொண்ட விமானம் அது. 1940ஆம் ஆண்டுப் பகல் சண்டைகளில் பெரும் இழப்பைச் சந்தித்த பிறகு அது இரவுப் போருக்கு மாற்றப்பட்டது. முழுமையாக எஞ்சியிருக்கும் ஒரே அசல் டிஃபையன்ட், பிரிட்டிஷ் விமானப்படை (ஆர்.ஏ.எஃப்.) அருங்காட்சியகத்தின் சேகரிப்பில், இரவுப் போர் விமானத்துக்குரிய கறுப்பு வண்ணத்திலேயே இருக்கிறது.

இரவுப் புகைப்படமும் இந்த விமானங்களோடு சேர்ந்தே வளர்ந்தது. குண்டுவீச்சு விமானங்கள் குண்டோடு ஒரு ஒளிக்குண்டையும் போடும். அது வெடிக்கும்போது வயிற்றுப்பகுதியில் ஷட்டர் திறந்து காத்திருக்கும் கேமராவில் தரை பதிவாகும். விமானம் நகர்ந்துகொண்டே இருப்பதால், கீழே எரியும் தீயும் பீரங்கி வெடிப்பும் படத்தில் வளைந்து நெளிந்த ஒளிக்கோடுகளாக விழும். இப்படி எடுத்த 600க்கும் மேற்பட்ட படங்களை ஆராய்ந்துதான் 1941 ஆகஸ்டில் 'பட் அறிக்கை' எழுதப்பட்டது. இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒரு பங்குதான் இலக்கின் ஐந்து மைல் சுற்றளவுக்குள் வந்திருந்தது என்ற உண்மை அதில் வெளிப்பட்டது. 1943 ஜனவரி 30-31 இரவில் ஹாம்பர்க் நகரின் மேல் ஒரு லங்காஸ்டர், கீழே எரியும் ஒளிக்கோடுகளின் மேல் கறுப்பு நிழலுருவமாகப் பதிந்த படம், இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் பெயர்பெற்ற படங்களில் ஒன்று. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யின் ஹரால்டு எட்ஜர்டன் வடிவமைத்த மாபெரும் மின்னணு ஃப்ளாஷ், 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்துக்கு முந்தைய இரவு வான்வழி உளவுப் படங்களுக்குப் பயன்பட்டது.

எங்கே, எந்தப் பருவத்தில்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஈஸ்ட் கிர்க்பி என்ற ஊர் இருக்கிறது. 1943இல் குண்டுவீச்சுத் தளமாகத் திறக்கப்பட்ட இடம். 57, 630 ஆகிய படைப்பிரிவுகள் அங்கிருந்து லங்காஸ்டர்களை இயக்கின. இன்று அந்த ஓடுதள நிலத்திலேயே லிங்கன்ஷயர் விமானப் பாரம்பரிய மையம் இயங்குகிறது. அதன் உயிர்நாடி, 'ஜஸ்ட் ஜேன்' என்று அழைக்கப்படும் என்எக்ஸ்611 லங்காஸ்டர். 1945 ஏப்ரலில் லாங்பிரிட்ஜில் ஆஸ்டின் நிறுவனத்தில் தயாராகி, ஜப்பானுக்கு எதிரான போருக்கென ஒதுக்கப்பட்ட விமானம் இது. அதற்குள் போர் முடிந்துவிட்டது. பிறகு பிரெஞ்சுக் கடற்படையில் பணியாற்றி, 1965இல் இங்கிலாந்து திரும்பியது. 1983இல் அதை வாங்கிய ஃபிரெட், ஹரால்டு பேன்டன் சகோதரர்கள், 1944 மார்ச் 30-31 இரவு நியூரம்பர்க் தாக்குதலில் இறந்துபோன தங்கள் அண்ணன் கிறிஸ்டோபரின் நினைவாகவே அதைக் காத்து வந்தார்கள்.

இந்த விமானம் இன்னும் பறப்பதில்லை. ஆனால் நான்கு மெர்லின் எஞ்சின்களும் ஓடும், தன் சக்தியிலேயே தரையில் ஊர்ந்து போகும். பறக்கும் நிலையில் உலகில் இரண்டே லங்காஸ்டர்கள் இருக்கின்றன: ஒன்று பிரிட்டிஷ் விமானப்படையின் நினைவுப் பறப்பணியில், மற்றது கனடாவின் ஹாமில்டனில். பறக்காத விமானம்தான் இரவுப் படத்துக்கு வசதி. ஒரே இடத்தில் பிரேக் போட்டு நிற்கும், எஞ்சினும் ஓடும், கேமராவும் அசையாமல் நிற்கலாம். ஈஸ்ட் கிர்க்பியில் இருட்டிய பிறகு புகைப்படக்காரர்களுக்காக எஞ்சின் இயக்கிக் காட்டும் நிகழ்ச்சிகள் நடந்திருக்கின்றன. விமானத்துக்குப் பின்னால் அதே தளத்தின் பழைய கட்டுப்பாட்டுக் கோபுரமும் நிற்பதால், படத்தின் இடமும் காலமும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடுகின்றன.

பருவத்தையும் யோசிக்க வேண்டும். லிங்கன்ஷயரில் ஜூன் மாதம் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிவிடும். முழு இருட்டு வருவதே இல்லை. டிசம்பரில் மாலை நான்குக்கு முன்பே சூரியன் மறைகிறது. அதனால்தான் இத்தகைய நிகழ்ச்சிகள் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அதிகம் நடக்கின்றன. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே நான்கிலிருந்து ஆறு பாகை வரை இறங்கியிருக்கும் நேரத்தில் வானம் அடர்நீலமாக இருக்கும். விமானத்தின் விளிம்பு அந்த நீலத்தில் தெளிவாகப் பிரிந்து தெரியும். முழு இருட்டு வந்துவிட்டால் கறுப்பு விமானமும் கறுப்பு வானமும் ஒன்றாகிவிடும். அந்த நீல நேரம் எவ்வளவு நீடிக்கும் என்பது ஊரைப் பொறுத்தது. சூரியன் மறைந்து ஆறு பாகை இறங்க டிசம்பரில் லிங்கன்ஷயரில் ஏறக்குறைய 40 நிமிடம் ஆகும். சென்னையில் 22, 23 நிமிடத்திலேயே முடிந்துவிடும். வெப்பமண்டலத்தில் படமெடுப்பவர், வெளிச்சம் இருக்கும்போதே கேமராவைச் சட்டம் பார்த்து நிறுத்தி வைத்திருக்க வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

கனமான, ஆடாத முக்காலிதான் முதல் தேவை. திறந்த ஓடுதளத்தில் காற்று எப்போதும் வீசும். நடுத்தண்டை உயர்த்தாமல் கால்களை மட்டும் விரித்து நிறுத்துவது நல்லது. ஷட்டரை விரலால் அழுத்தினால் கேமரா ஆடும். ஒயர் ரிமோட் அல்லது இரண்டு விநாடி டைமர் போதும். முக்காலியில் நிற்கும்போது லென்ஸின் அதிர்வு தடுப்பை அணைத்துவிட வேண்டும்; அசைவே இல்லாத இடத்தில் அது அசைவைத் தேடிப் படத்தைக் கலங்கடிக்கக்கூடும்.

லென்ஸைப் பொறுத்தவரை 24-70 மி.மீ. ஜூம் பெரும்பாலான வேலைக்குப் போதும். முகப்பு, துப்பாக்கிக் கோபுரம், வரைந்த சின்னங்கள் போன்ற நுணுக்கங்களுக்கு 70-200. மிகவும் அகலக் கோண லென்ஸோடு கிட்டே போனால் மூக்கு பெருத்து, வால் சுருங்கி, இறக்கை வளைந்து தெரியும். லங்காஸ்டரின் இறக்கை விரிவு 31 மீட்டர். நன்றாகப் பின்னால் தள்ளி நின்றால்தான் அதன் உருவம் சரியாக வரும்.

குளிர் இரவில் இரண்டு தொல்லைகள் உண்டு. பேட்டரி சீக்கிரம் தீரும். மாற்று பேட்டரியைச் சட்டையின் உள்பையில், உடல் சூட்டில் வைத்திருப்பார்கள். லென்ஸின் முன்கண்ணாடியில் பனி படியும்; கைச்சூட்டுப் பொதி ஒன்றை லென்ஸைச் சுற்றி ரப்பர் பட்டையால் கட்டினால் கண்ணாடி தெளிவாகவே இருக்கும். அறைக்குள் திரும்பும்போது கேமராவை மூடிய பையோடு கொண்டுபோய், சூடு சமமான பிறகே வெளியே எடுக்க வேண்டும்.

நிற்கும் விமானம்: ஃபோகஸும் எக்ஸ்போஷரும்

இருட்டில் ஆட்டோஃபோகஸை நம்ப முடியாது. விமானத்தின் வட்டச் சின்னத்தின் விளிம்பு, வரிசை எண் எழுத்து, விமானி அறைக் கண்ணாடிச் சட்டம் என்று கூர்மையான கோடு உள்ள ஓரிடத்தில் டார்ச் அடித்து, திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு ஃபோகஸ் வளையத்தில் சிறு டேப் ஒட்டிவிட்டால் இரவு முழுவதும் கவலையில்லை. இடம் மாறினால் மட்டும் மறுபடி பார்க்க வேண்டும்.

எஞ்சின் ஓடாமல் நிற்கும் விமானத்துக்கு ஐஎஸ்ஓ 100 அல்லது 200, அப்பர்ச்சர் எஃப்/8, நேரம் 5 முதல் 30 விநாடி என்பது நல்ல தொடக்கம். எஃப்/8இல் மூக்கிலிருந்து வால் வரை கூர்மை கிடைக்கும். ஐஎஸ்ஓ தாழ்ந்திருப்பதால் கறுப்புப் பகுதியில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் வராது. எப்போதும் ரா கோப்பாகவே எடுக்க வேண்டும். கேமராத் திரை இருட்டில் எல்லாப் படத்தையும் பிரகாசமாகக் காட்டி ஏமாற்றும். அதை நம்பாமல் ஹிஸ்டோகிராமைப் பார்க்க வேண்டும். கறுப்பு லங்காஸ்டரின் ஹிஸ்டோகிராம் இடப்புறம் குவிந்திருப்பது இயல்பு. அதை நடுவுக்குக் கொண்டுவர முயன்றால் கறுப்பு சாம்பலாகி, இரவு மாலையாகிவிடும். வலக்கோடியில் எதுவும் வெட்டுப்படாமல் இருக்கிறதா, குறிப்பாக வட்டச் சின்னத்தின் வெள்ளையும் கண்ணாடிகளில் விழும் பிரதிபலிப்பும் வெளிறிப் போகாமல் இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்தால் போதும்.

வண்ணப்பூச்சைப் பொறுத்து அணுகுமுறை மாறும். கறுப்புப் பூச்சு ஒளியை விழுங்கும். அடிவயிற்றின் வளைவு தெரிய வேண்டுமானால் தரையோடு தரையாக ஒரு விளக்கு வைக்க வேண்டும். பூச்சே இல்லாத, பளபளக்கும் அலுமினிய உடல்கொண்ட அமெரிக்க மஸ்டாங் போன்ற விமானங்களில் எதிர் நிலைமை. சுற்றியுள்ள ஒவ்வொரு விளக்கும், ஏன் புகைப்படக்காரரின் டார்ச்சும்கூட, உடலில் தெரியும். அங்கே விளக்கை நேரே அடிக்காமல் ஒரு வெள்ளைத் துணியிலோ சுவரிலோ பட்டுத் திரும்பச் செய்வது நல்லது.

விளக்கு எங்கே நிற்க வேண்டும்

கேமராவின் பக்கத்திலிருந்தே ஒளி அடித்தால் விமானம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் தட்டையாகிவிடும். ஒளி பக்கவாட்டிலிருந்து, உடலை உரசிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு ரிவெட்டும் தகடுகளின் ஒட்டும் சிறு நிழலோடு எழுந்து நிற்கும். 80 ஆண்டு பழைய அலுமினியத் தகட்டின் லேசான அலையலையான மேடுபள்ளமும் தெரியும். எந்த நூலைவிடவும் தெளிவாக, அந்த விமானம் கையால் கட்டப்பட்டது என்பதை அந்த நிழல்கள் காட்டிவிடும்.

தூரக் கணக்கும் முக்கியம். ஒளியின் அடர்த்தி தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் குறையும். லங்காஸ்டரின் நீளம் சுமார் 21 மீட்டர். மூக்கிலிருந்து 10 மீட்டர் முன்னால் ஒரு விளக்கை வைத்தால், வாலுக்கு 31 மீட்டர். மூக்குக்குக் கிடைப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலான ஒளியே வாலுக்குக் கிடைக்கும். மூன்று ஸ்டாப்புக்கும் அதிக வித்தியாசம் அது. அதே விளக்கை 30 மீட்டர் தள்ளி வைத்தால் வாலுக்கு 51 மீட்டர். வித்தியாசம் ஒன்றரை ஸ்டாப்பாகக் குறைந்துவிடும். பெரிய விமானத்துக்கு விளக்கைத் தள்ளி வைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் சரியான வழி. சிறிய ஸ்பிட்ஃபயருக்கு, அதன் இறக்கை விரிவே சுமார் 11 மீட்டர்தான் என்பதால், பக்கத்தில் ஒரு விளக்கே போதும்.

விளக்கின் வகையையும் கவனிக்க வேண்டும். டங்ஸ்டன் விளக்கு சுமார் 3,200 கெல்வின், பகலொளி எல்இடி சுமார் 5,600. இரண்டும் கலந்தால் ஒரு பக்கம் மஞ்சள், மறு பக்கம் நீலம். ஒயிட் பேலன்ஸை ஏதாவது ஒரு விளக்குக்கு ஏற்ப நிலையாக வைத்துவிட்டு, மற்றதற்கு வண்ணத்தாள் பொருத்துவார்கள். பழைய மஞ்சள் சோடியம் விளக்குதான் மோசம். அதன் ஒளியில் பெரும்பாலும் மஞ்சள் மட்டுமே இருப்பதால், மேற்புறத்தின் பச்சையும் பழுப்பும் ஒரே நிறமாகிவிடும். கணினியில் எவ்வளவு முயன்றாலும் திரும்பப் பிரிக்க முடியாது.

நிகழ்ச்சி நடத்துபவர்களுக்குப் பிடித்த ஒரு உத்தி, விமானம் நிற்கும் தரையைத் தண்ணீர் பீய்ச்சி நனைப்பது. காய்ந்த கான்கிரீட் ஒளியை விழுங்கும். ஈரத்தரை விமானத்தின் உருவத்தைத் தலைகீழாகத் திருப்பித் தரும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் அந்தப் பிரதிபலிப்பு பெரிதாகும்.

டார்ச்சால் ஒளி தீட்டுவது

நிலையான விளக்குகள் இல்லாத இடத்தில் ஒரு நல்ல டார்ச்சே போதும். ஷட்டரை 30 விநாடி திறந்து வைத்துவிட்டு, ஒருவர் விமானத்தின் பக்கவாட்டில் நடந்தபடியே டார்ச்சால் அதன் உடலைத் தடவிக்கொண்டு போவார். டார்ச் ஓரிடத்தில் நின்றால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். கை ஓயாமல் அசைந்துகொண்டே இருக்க வேண்டும். டார்ச் பல்பு கேமராவுக்குத் தெரியாதபடி உடலால் மறைத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு உடை அணிந்து, நிற்காமல் நடந்தால் அவர் படத்தில் பதியவே மாட்டார். இறக்கையின் மேற்புறம், அடிப்புறம், வால், சக்கரக் கால்கள் என்று ஒவ்வொன்றையும் தனித்தனிப் படமாக எடுத்து, முக்காலியை அசைக்காமல், பிறகு கணினியில் ஒன்றாக்கலாம். ஒரு படத்தில் தவறிய ஒளியை இன்னொரு படம் ஈடுசெய்யும் என்பதால், தொடக்கநிலையினருக்கு இந்த முறைதான் எளிது.

போர்க்கால உடையில் விமானிகளாகவும் தரைப் பணியாளர்களாகவும் நடிப்பவர்கள் இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு வருவதுண்டு. மனிதர் அசையாமல் நிற்கக்கூடிய நேரம் ஒன்றிரண்டு விநாடிதான். ஆட்கள் இருக்கும் படத்துக்கு ஐஎஸ்ஓவை 800 அல்லது 1600க்கு ஏற்றி, நேரத்தை ஒரு விநாடிக்குள் கொண்டுவர வேண்டும்.

எஞ்சின் ஓடும்போது

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் எல்லாக் கணக்கும் மாறுகிறது. லங்காஸ்டரின் மெர்லின் எஞ்சின் 27 லிட்டர் கொள்ளளவு, 12 சிலிண்டர்கள் கொண்டது. எஞ்சினின் வேகம் பல்சக்கரம் வழியாக 0.42 மடங்காகக் குறைந்தே ப்ரொப்பெல்லருக்குப் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடினால் ப்ரொப்பெல்லர் சுமார் 500 சுற்று, அதாவது விநாடிக்கு எட்டு சுற்றுக்குச் சற்று மேல். மூன்று தகடுகள் என்பதால், ஒரு தகடு அடுத்த தகட்டின் இடத்துக்கு வர சுமார் 1/25 விநாடி ஆகும். ஷட்டர் 1/25 விநாடியோ அதற்கு மேலோ திறந்திருந்தால் முழு வட்டம் கிடைக்கும்; தகடுகளின் மஞ்சள் நுனிகள் அந்த வட்டத்தைச் சுற்றி ஒரு வளையமாக எரியும். 1/500 விநாடியில் எடுத்தால் தகடுகள் உறைந்து நின்று, எஞ்சின் அணைந்ததுபோலவே தெரியும்.

அப்படியானால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போகலாமே என்றால், அதுவும் முடியாது. எஞ்சின் ஓடும்போது விமானமே டயர்களின் மேல் குலுங்கும். நான்கைந்து விநாடி திறந்து வைத்தால் வரிசை எண்கூடக் கலங்கிவிடும். 1/25 முதல் 1/4 விநாடி வரை என்ற குறுகிய இடைவெளிக்குள்தான் நல்ல படங்கள் கிடைக்கும். அதற்கேற்ப ஐஎஸ்ஓவை 800, 1600 என்று ஏற்ற வேண்டும். தொடர்ச்சியாகப் பல படங்கள் எடுத்தால் குலுக்கல் அடங்கிய ஒரு கணம் அவற்றில் ஒன்றில் சிக்கும். மின்விளக்குகள் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விநாடிக்கு 100 முறை துடிப்பவை. 1/25 போன்ற மெதுவான வேகத்தில் அந்தத் துடிப்பு படத்தில் பட்டை பட்டையாக விழாது என்பது கூடுதல் நன்மை.

புகைக்குழாயின் தீதான் இரவுப் படத்தின் மகுடம். எஞ்சினை எழுப்பும்போது கூடுதலாகப் போகும் பெட்ரோல் எரிந்து, ஆரஞ்சு நிறத்தில் நீண்ட நாக்குகள் பாயும். எஞ்சின் சூடேறியதும் அவை சுருங்கி, ஒவ்வொரு குழாயின் வாயிலும் சிறு நீலச் சுடராக நிலைத்துவிடும். பகலில் அந்த நீலம் கண்ணுக்கே தெரியாது. தீயின் வடிவம் தெரிய 1/30 அளவில் எடுக்க வேண்டும். அரை விநாடி திறந்தால் சுடர்கள் எல்லாம் கலந்து ஒரே பட்டையாகிவிடும். எஞ்சின் எழும் அந்தச் சில விநாடிகளுக்கு முன்பே எல்லா அமைப்பும் முடிந்திருக்க வேண்டும். பொதுவாக எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுப்புவார்கள் என்பதால், முதல் எஞ்சினில் கற்றதை அடுத்ததில் பயன்படுத்தலாம்.

ஜெட் விமானங்களில் நெருப்பின் இயல்பு வேறு. இங்கிலீஷ் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் லைட்னிங் விமானத்தில் இரண்டு ஏவான் எஞ்சின்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். பின்னெரிப்பு முறையில் இயக்கும்போது இரண்டு நெருப்பு வட்டங்கள் மேலும் கீழுமாகத் தெரியும். அதன் வாலில் வரிசையாக வைரங்கள் கோத்ததுபோன்ற அதிர்வலைகள் இரவில் துல்லியமாகப் பதியும். அந்த நெருப்பு மிகப் பிரகாசமானது. அதற்கேற்ப எக்ஸ்போஷரைக் குறைக்க வேண்டும். வார்விக்ஷயரின் வெல்ஸ்போர்னில் ஓடும் நிலையில் பராமரிக்கப்படும் எக்ஸ்எம்655 வல்கன் விமானத்தில் பின்னெரிப்பு கிடையாது. அங்கே நெருப்புக்குப் பதில் முக்கோண இறக்கையின் பெரும் பரப்பும் விளக்குகளும்தான் படம்.

உயிரோடு விளையாடாத ஒழுங்கு

இருட்டில் சுழலும் ப்ரொப்பெல்லர் கண்ணுக்குத் தெரியாது. லங்காஸ்டரின் ப்ரொப்பெல்லர் நான்கு மீட்டர் விட்டம் கொண்டது. அதன் பாதையில் ஒரு மனிதர் போய்விட்டால் தப்பிக்க வழியில்லை. அதனால் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது கெஞ்சிக் கேட்கும் வேண்டுகோளல்ல, உத்தரவு. எஞ்சின் ஓடும்போது ஃப்ளாஷ் அடிக்கக் கூடாது. உள்ளே இருப்பவரின் இரவுப் பார்வை கெட்டுவிடும், தரைப் பணியாளரின் கைச்சைகையும் தெரியாமல் போகும். லென்ஸ் மூடி, பிளாஸ்டிக் உறை, முக்காலியின் திருகு என்று எதுவும் தரையில் விழுந்து கிடக்கக் கூடாது. ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சினால் பழுதுபார்ப்பதற்கு அந்த எஞ்சினுக்கு மாற்றுப் பாகம்கூடக் கிடைக்காமல் போகலாம். காதுக்கு மூடி, தலைக்குச் சிவப்பு விளக்கு, மற்றவர் ஷட்டர் திறந்திருக்கும்போது டார்ச் அடிக்காத பண்பு ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருந்தால் எல்லாருக்கும் படம் கிடைக்கும்.

கணினியில் செய்ய வேண்டியதும் கூடாததும்

ரா கோப்பில் முதலில் ஒயிட் பேலன்ஸைச் சரிசெய்து, பிறகு நிழல்களைச் சற்றே திறந்து, பிரகாசங்களை அடக்கினால் பாதி வேலை முடிந்தது. நீண்ட எக்ஸ்போஷரில் சென்சார் சூடாகி வண்ணப் புள்ளிகள் விழும். கேமராவின் நீண்ட-எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு அவற்றை நீக்கும், ஆனால் எக்ஸ்போஷர் எடுத்த அதே அளவு நேரம் இன்னொரு முறை காத்திருக்க வைக்கும். நேரம் குறைவாக உள்ள நிகழ்ச்சியில் அதை அணைத்துவிட்டு, மென்பொருளில் நீக்குவது நல்லது. தனித்தனியாக ஒளி தீட்டிய படங்களை அடுக்கி, ஒளிர்வானதை மட்டும் எடுக்கும் முறையில் ஒன்றாக்கலாம்.

கூடாதவையும் உண்டு. வரிசை எண்ணையும் படைப்பிரிவின் குறியெழுத்தையும் மாற்றுவது, ஓடாத எஞ்சினுக்குத் தீ வரைவது, மறைப்பு வண்ணத்தைக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக மாற்றுவது ஆகியவை வரலாற்றைக் குலைக்கும் செயல்கள். இன்று எடுக்கும் படம் நாளை ஆவணமாகும். ஒரு விமானத்தின் எந்தத் தகடு எப்போது மாற்றப்பட்டது என்பதை இப்படிப்பட்ட படங்களைப் பார்த்துத்தான் பின்னால் வருபவர்கள் அறிவார்கள்.

நம் பக்கத்தில் ஒன்று

இங்கிலாந்து வரை போக முடியாதவர்களுக்கு விசாகப்பட்டினம் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியக் கடற்படையின் டியூ-142 நெடுந்தூர ரோந்து விமானங்கள் அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலிருந்து நெடுங்காலம் பறந்து, 2017 மார்ச் 29 அன்று அங்கேயே ஓய்வு பெற்றன. அவற்றில் ஒன்று அதே ஆண்டு டிசம்பரில் ராமகிருஷ்ணா கடற்கரைச் சாலையில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. 50 மீட்டர் இறக்கை விரிவு, ஒவ்வொரு எஞ்சினிலும் எதிரெதிராகச் சுழலும் இரட்டை ப்ரொப்பெல்லர்கள், பின்சாய்ந்த இறக்கை என்று அதன் உருவமே தனி. மாலை மயங்கிய பிறகு சாலையோரத்திலிருந்து 30 விநாடி எக்ஸ்போஷரில் எடுத்தால், எதிரே நடந்துபோகிறவர்கள் படத்தில் பதியாமல் மறைந்துபோவார்கள்; விமானம் மட்டும் நிற்கும். ஆனால் இயங்கும் ராணுவ விமானத் தளங்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் அனுமதியின்றிப் படமெடுப்பது இந்தியாவில் சட்டப்படி குற்றம். அருங்காட்சியகம் என்றாலும் முக்காலி வைக்க முன்கூட்டியே அனுமதி கேட்டுவிட வேண்டும்.

ஒரு முக்காலி, ஒரு டார்ச், நீல வானம் தங்கும் அந்தச் சில நிமிடங்கள் இவை போதும், தொடங்கிவிடலாம். இந்த விமானங்களை ஓட்டியவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை. விமானங்களும் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகின்றன. படமெடுக்கப் போகிறவர்கள் அவற்றைப் பராமரிக்கும் குழுவின் உண்டியலில் தங்களால் இயன்றதைப் போட்டுவிட்டு வர வேண்டும். எடுத்த படங்களின் நல்ல பிரதி ஒன்றையும் அந்தக் குழுவுக்கு அனுப்பிவைக்க வேண்டும்.